கட்டைமேல் நடந்த நண்பகல்

என் மகளுக்கு ஆறு வயது. சமதரையிலேயே தடுமாறி விழுவாள். அந்தத் திறமை என்னிடமிருந்து வந்தது. அவள் நடந்து பழக, சிரம்பான் வீட்டு ஹாலில் நேர்கோடாக டேப் ஒட்டினேன். சுருளிலிருந்து பிய்க்கும்போது, ரப்பர் மரப்பட்டையில் உறைந்த ஒட்டுப்பாலை உரிக்கும் அதே சத்தம் வந்தது.

சின்ன வயதில், ரந்தாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் கேட்ட சத்தம் அது. அப்போது எனக்கும் இவள் வயதுதான்; அடுத்த மாதம் பள்ளிக்கூடம் தொடங்கவிருந்தது. வழியில் ஓடைக்கு ஒற்றை மரக்கட்டைதான் பாலம். நானோ நடக்கும்போது வாத்து. பால் எடுத்து முடித்ததும் அம்மா, விழுந்துகிடந்த ரப்பர் மரத்தின்மேல் தினமும் என்னை நடக்கவிடுவார். தினமும் விழுவேன்.

ஒரு நண்பகல், காற்றே இல்லை. பாதிக் கட்டையில் இருந்தேன். எதிரே நின்ற அம்மாவின் பார்வை என்னைத் தாண்டிப் போய் நிலைத்தது.

"திரும்பாதய்யா. என்னயப் பாத்துக்கிட்டே வா," என்றார் மெதுவாக.

பின்னால் சருகு மிதிபட்டது. நான் நின்றால் அதுவும் நின்றது. முதன்முறையாக விழாமல் நடந்தேன். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு, பால் வாளிகளை அங்கேயே விட்டுவிட்டு, எங்கள் லயத்து வீடுவரை ஓடினார்.

"காட்டுப்பன்னியாம்மா?" என்றேன்.

"இல்லலா. பேசாம வா."

இன்று அதே வித்தையை மகளிடம் காட்டினேன். அவள் தோளுக்கு மேலே வெறித்துப் பார்த்து, "திரும்பாதம்மா," என்றேன். கோடு பிசகாமல் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பின்னாடி யாருமில்லலா. அப்பா சும்மா சொன்னேன்."

அவள் சிரிக்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் திரும்பாதீங்கப்பா."

தொண்ணூறு கிலோ ஆள் நான். இன்னும் திரும்பவில்லை.