மோமோக் கடை ஷாகிராவின் இத்தா நாட்கள்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று நாற்பதுக்குச் செய்தி வந்தது. அப்போது ஷாகிரா ஆவிச் சட்டியின் மூடியைத் திறந்து, மேல் தட்டு வெந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் பேசியவர் முன்பின் தெரியாத ஆள். பொலன்னறுவையிலிருந்து வரும் பஸ்ஸில், வெலிக்கந்தை தாண்டியதும், அவளுடைய கணவர் இஷாம் ஆசனத்தில் சாய்ந்தபடியே மௌத்தாகிவிட்டார் என்றார். அவர் கொண்டுபோய் விற்காமல் மிச்சமிருந்த சாரன் துணி மூட்டை கண்டக்டரிடம் பத்திரமாக இருக்கிறது என்றும் சொன்னார். அந்த நேரத்தில் மூட்டையைப் பற்றி ஏன் சொன்னார் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவள் அடுப்பை அணைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு பேரும் பிளேட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள்.

அன்றிரவே ஜனாஸா அடக்கம் முடிந்தது. அதிலிருந்து அவளுக்கு நாலு மாதமும் பத்து நாளும் இத்தா. கணவனை இழந்த பெண் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் காலம். அதில் அவளுக்கு மறுப்பு எதுவும் இல்லை. அவளுடைய உம்மாவும் இத்தா இருந்தார், மாமியும் இருந்தார், அவளும் இருப்பாள். ஆனால் அவர்கள் இருவருக்கும் கடை இருக்கவில்லை.

அந்தக் கடை சும்மா வந்ததல்ல. குவைத்தில் ஒரே வீட்டுக் குசினியில் பதினொரு வருடம் நின்றவள் ஷாகிரா. அங்கே கூட வேலை செய்த நேபாளத்துப் பெண், லீவு கிடைக்கும் வெள்ளிக்கிழமைகளில் மாவைக் குழைத்து, இறைச்சியை வைத்து, விரல் நுனியால் பதினெட்டு மடிப்பு மடித்து மோமோ அவிப்பாள். பதினாறு மடித்தால் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்ப மடிக்கச் சொல்வாள். ஷாகிரா அதைப் படித்துக்கொண்டு வந்து, காத்தான்குடியில் வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஆறு மேசை போட்டாள். கோழி மோமோ, மாட்டிறைச்சி மோமோ, எலும்பு அவித்த சாற்றில் போட்ட நூடில்ஸ். வேறு எதுவும் இல்லை.

முதல் வருடம் ஊர் அவளைப் படாத பாடு படுத்தியது. 'அவிச்ச றோல்ஸ் கடை' என்று பெயர் வைத்தார்கள். நூடில்ஸை ஏன் கொத்தித் தரவில்லை என்று கேட்டார்கள். உட்கார்ந்த உடனேயே ஆணம் எங்கே என்றார்கள். கறிக் குழம்பு இல்லாமல் எதுவும் தொண்டைக்குள் இறங்காத ஊர் இது. ஷாகிரா ஒரு சொட்டு ஊற்றவில்லை. தக்காளியும் உள்ளியும் கொச்சிக்காயும் சுட்டு அரைத்த சம்பல் மட்டும்தான் வைத்தாள். ஆணம் வேண்டுமென்றால் பக்கத்துக் கடையில் புட்டு இருக்கிறது என்று நேரே சொல்லி அனுப்பினாள்.

இஷாமுக்கும் அதே பதில்தான். சாரன் வியாபாரம் முடிந்து வந்து பின்மேசையில் இருப்பார். இரண்டு மோமோவைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, "ஒரு கரண்டி ஆணம் ஊத்தினா ஒன்ட கடைக்கு என்னகா கொறையும்?" என்பார்.

"கடைக்கிக் கொறையாது. மோமோக்குக் கொறையும். வீட்ட போய்த் தின்னுங்க."

அவர் சிரித்துக்கொண்டே சம்பலைத் தொட்டுத் தின்பார். நாலு வருடமாக இதே பேச்சு. மெல்ல மெல்ல ஊரும் பழகியது. கல்லடியிலிருந்தும் நகரத்திலிருந்தும் ஆட்கள் ஆணம் கேட்காமல் சாப்பிட வந்தார்கள். ஷாகிராவின் வாழ்க்கையில் அவள் சொன்னபடி நடந்த இடம் அது ஒன்றுதான்.

ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் தங்கை நிஸ்மியா கடையைத் திறந்தாள். ராத்தா வெளிக்கிட முடியாதே, பூட்டிக் கிடந்தால் வாடிக்கை போய்விடுமே என்றுதான். நல்ல மனம் அவளுக்கு. காலையில் ஷாகிரா வீட்டில் மாவு குழைத்து, வட்டம் வட்டமாகத் தேய்த்து, இடையில் மா தூவி அடுக்கிக் கொடுப்பாள். மகள் அம்னா கம்பஸுக்குப் போகும் வழியில் ஸ்கூட்டியில் கொண்டுபோய் இறக்குவாள். பின்னேரம் வரும்போது ஒரு பார்சல் கொண்டுவருவாள்.

முதல் வாரம் பார்சலில் மடிப்பு பன்னிரண்டு. ஷாகிரா சொல்லி அனுப்பினாள். இரண்டாம் வாரம் ஒன்பது. மூன்றாம் வாரம் பார்சலைத் திறந்தபோது பொலித்தீன் பையில் கட்டிய ஆணம் ஒன்று கூடவே இருந்தது. தேங்காய்ப்பால் விட்ட கோழி ஆணம். அவள் ஒரு மோமோவை அதில் தோய்த்து வாயில் வைத்தாள். மாவின் மணமும் தெரியவில்லை, இறைச்சியின் சாறும் தெரியவில்லை, எல்லாம் ஆணம். ருசியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இஷாம் இதைத் தின்றிருந்தால் இன்னொரு பிளேட் கேட்டிருப்பார் என்ற நினைப்பு வந்ததும் பார்சலை மூடி வைத்துவிட்டாள்.

நிஸ்மியாவிடம் கேட்டால் அவளிடமும் நியாயம் இருந்தது. கேட்கிறார்கள், கொடுக்கிறேன், மேசை காலியாகவே இருப்பதில்லை என்றாள்.

ஷாகிராவுக்கு ஒரு தடவை போய் நின்றால் போதும் போலிருந்தது. அம்னாவை அனுப்பி மௌலவியிடம் கேட்கச் சொன்னாள். அவர் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. பிழைப்புக்காக, வேறு பார்க்க ஆள் இல்லையென்றால், பகலில் மறைவோடு போய் இருட்டுமுன் வீடு திரும்பலாம் என்றிருந்தார். ஷாகிரா அன்றைக்கே அபாயாவை எடுத்து மடிப்பு நீவி வைத்தாள். அவளுடைய அண்ணன், மூத்த காக்கா முகைதீன்பாவா வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்.

"ஆள்தான் இரிக்கே."

நிஸ்மியா கடையை நாசமாக்கியிருந்தால் ஷாகிரா போகலாம். அவள் நன்றாக நடத்துகிறாள், ஆகவே போக முடியாது. ஆறுதல் சொல்ல வந்த பெண்கள் சபூர் செய், பொறுத்துக்கொள் என்றார்கள். அவளுடைய முகத்தில் இருந்தது முழுக்க இஷாமுக்கான துக்கம் என்று நினைத்தார்கள். பாதிதான் அது. மீதியைச் சொன்னால் காறித் துப்புவார்கள் என்று அவள் வாய் திறக்கவில்லை. கணவனுக்காக எண்ண வேண்டிய நாட்களைக் கடைக்காக எண்ணுகிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அறுபத்தெட்டாம் நாள் ஜெனிற்றா டீச்சர் வந்தார். கல்லடிக்காரர். கிழமைக்கு ஒருமுறை தனியாக வந்து சூப் நூடில்ஸ் சாப்பிடுபவர், ஒருநாளும் ஆணம் கேட்காதவர். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "அக்கா, கடையப் பற்றி ஒண்டுக்கும் யோசியாதீங்க. தங்கச்சி நல்லாக் கொண்டுபோறா" என்றார்.

"நீங்க என்ன சாப்பிட்டிங்க டீச்சர்?"

"மோமோதான். அந்த ஆணத்தோட. முந்தி ஏன் நீங்க அதப் போடல்ல?"

ஷாகிரா தேத்தண்ணி ஊற்றுவதற்காக எழுந்து உள்ளே போனாள். சீனி போட்டாளா இல்லையா என்று நினைவில்லாமல் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சர் அதைக் கடைசிவரை குடித்தார்.

மூன்று நாள் கழித்துக் காலையில் நிஸ்மியாவின் குரல் வட்ஸ்அப்பில் வந்தது. மூச்சு வாங்கப் பேசினாள். "ராத்தா, ஏறாவூர்ல ஒரு கலியாண ஊட்டுக்கு அறுநூறு மோமோ கேக்குறாங்க. சனிக்கிழம. ஒங்களால ஊட்ட இரிந்து அவ்வளவும் தேய்க்க ஏலா. நான் இஞ்ச ரெண்டு பொம்புளையள வெச்சிக் குழைக்கிறன். நேத்து நானே கொஞ்சம் குழைச்சிப் பாத்தன், அவிக்கக்குள்ள மடிப்பெல்லாம் வெடிச்சிப் போகுது. அளவ ஒரு துண்டுல எழுதி அம்னாட்டக் குடுத்து உடுங்க. ஒங்களுக்கும் இனி வேல மிச்சம்தானே."

கடைசி வாக்கியத்தை ஷாகிரா மூன்று தடவை போட்டுக் கேட்டாள். வேலை மிச்சம். அவளுடைய கையில் மிச்சமிருந்ததே அந்த மாவுதான். மோமோ எத்தனை மடிப்போடு, எந்த ஆணத்தில் மிதந்தாலும், அதன் தோல் அவள் குழைத்த தோல். அதுவும் போனால் நூற்று முப்பது நாள் முடிந்து அவள் போய் நிற்கப்போவது நிஸ்மியாவின் கடையில். எழுதிக் கொடுக்காவிட்டால் சனிக்கிழமை அறுநூறும் கலியாணப் பந்தலில் வெடிக்கும். அப்போது ஆள் இல்லை என்றாகும். மௌலவி சொன்னது அப்போது பொருந்தும். அவள் அப்படியும் நினைத்தாள். நினைத்ததற்கு அல்லாஹ்விடம் மன்னிப்பும் கேட்டாள். கேட்டுவிட்டுத் திரும்பவும் நினைத்தாள்.

"உம்மா, எழுதிட்டிங்களா? எனக்கு லெக்சருக்கு நேரம் போகுது" என்று அம்னா வாசலில் ஸ்கூட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"எழுதுறன் மகள். பொறு."

மகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்தாள். நிஸ்மியா பச்சைத் தண்ணீரில் குழைத்திருக்கிறாள், ரொட்டிக்குக் குழைப்பதுபோல. கொதிக்கிற தண்ணீர் பாதி, பச்சைத் தண்ணீர் பாதி, பிறகு ஈரத்துணி மூடி அரை மணித்தியாலம். இவ்வளவுதான் விசயம். சொல்ல ஒரு நிமிடம் போதும்.

ஸ்கூட்டி ஹோர்ன் இரண்டு தடவை அடித்தது. ஷாகிரா அன்றைக்குத் தேய்த்து வைத்த வட்டங்களை மட்டும் பெட்டியில் அடுக்கி, கதவிடுக்கால் மகளிடம் நீட்டினாள். துண்டு எங்கே என்று கேட்டதற்கு, நாளைக்குத் தருகிறேன் என்றாள்.

தாள் குசினி மேசையில் கிடந்தது. மா மூன்று கிலோ, உப்பு மூன்று தேக்கரண்டி, எண்ணெய் ஆறு மேசைக்கரண்டி என்று வரிசையாக எழுதியிருந்தது. நாலாவது வரியில் தண்ணீர் என்று எழுதி, ஒரு கோடு இழுத்திருந்தது. கோட்டுக்குப் பிறகு ஒன்றும் எழுதப்படவில்லை.