ஈரம் படாத பிரஷ்

எங்கள் வீட்டில் பொய் சொன்னால் பிரம்படி. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா, பத்துக் கட்டளைகளையும் என்னைத் தலைகீழாக ஒப்பிக்க வைத்தவர். அப்படிப்பட்ட மனிதர் ஒரு மாதம் முழுக்கத் தெருவுக்கும் சபைக்கும் பொய் சொல்லித் திரிந்தார். நினைத்தால் இந்த நாற்பத்தைந்து வயதிலும் எனக்கு மூக்கு விடைக்கிறது.

ஒரு காலையில் அம்மாவின் முகம் இடப்பக்கம் தொங்கிவிட்டது. காப்பி வாயோரம் வழிந்தது. இடது கண் மூட மறுத்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, மெத்தென்ற பிரஷ் ஒன்றால், ஈரமில்லாமல், கன்னத்தைத் தினமும் வருடிவிடச் சொன்னார்கள். அப்பா வண்ணார்பேட்டைக்குப் போய்ப் புதுச் சவரப் பிரஷ் வாங்கிவந்தார். அவர் தேய்த்தது கரும்பலகை துடைப்பது போல இருந்தது. அம்மா பாதி முகத்தைச் சுளித்தாள். வேலை என்னிடம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உதட்டோரத்திலிருந்து காதுவரை, புருவத்திலிருந்து நெற்றிவரை, மறுபடியும் உதட்டோரத்திலிருந்து. “பைய, ஏட்டி, பைய” என்பாள் அம்மா, பாதி வாயால்.

கதவு சாத்தியே கிடந்தது. கேட்டவர்களுக்கெல்லாம், அம்மா சாத்தான்குளத்தில் சித்தி வீட்டில் இருந்தாள். “வெளிய மூச்சு விடப்பிடாது” என்று என்னிடம் சொன்னவர் அப்பாதான். அம்மா என்ன திருட்டுச் சாமானா, அறைக்குள் பதுக்கி வைக்க? வாய் கோணினால் பெண்டாட்டி வெளிச்சத்துக்கு வரக்கூடாதா? என் ஒன்பது வயதுக் கோபம் ஒவ்வொரு வருடலிலும் ஏறிக்கொண்டே போனது.

அசனம் வந்தது. சபை முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சோறும் கறிக்குழம்பும் சாப்பிடும் நாள். கமிட்டி அண்ணாச்சி ஒருவர் அகப்பையோடு வந்து அப்பாவை மறித்தார்.

“என்ன வே வாத்தியாரே, வீட்டம்மா சாத்தான்குளத்துலயே ரேஷன் கார்டு வாங்கிட்டாளா? அவ கை படாத கொழம்பும் ஒரு கொழம்பா?”

“ஒரு வாரத்துல வந்துருவா அண்ணாச்சி” என்றார் அப்பா, சபைக் கோயில் வாசலில் நின்று, கண் சிமிட்டாமல்.

“பொய்!” என்று கத்தினேன். “அம்மா வீட்டுலதான் இருக்கா. வாய் கோணிட்டுன்னு அப்பா ஒளிச்சு வச்சிருக்காவ!”

அப்பா தலை குனிந்தார். கொஞ்ச நேரத்தில் பெண்கள் தூக்குவாளியும் கையுமாக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். “எங்ககிட்ட கூடச் சொல்லப்பிடாதாக்கும்?” என்று ஒருத்தி அழுதாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். விடுதலை கிடைத்த அழுகை என்று நான் பெருமையாக நின்றேன். அப்பா பிரம்பை எடுக்கவில்லை. சாயங்காலம் பிரஷ்ஷை என்னிடம் நீட்டி, “நேரமாச்சு” என்றார். அவ்வளவுதான்.

அம்மாவின் முகம் நேரானது. என் மனசு நேராகவில்லை. கல்லூரி, வேலை, கல்யாணம் என்று எத்தனை வருஷம் அந்த மனிதரிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாமல் கழித்தேன்!

அப்பா காலமான பிறகு ஒருநாள், மீன் கழுவியபடியே அம்மா சொன்னாள்: “ஒருத்தர் கண்ணுலயும் படமாட்டேன்னு அடம்பிடிச்சு, பைபிள் மேல சத்தியம் வாங்குனது நாந்தாம்ட்டி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அன்னைக்கே வாயத் தொறந்து சொன்னா என்ன?”

“சொல்லத்தான் பாத்தேன். ஒங்க அப்பா விடல. ‘பிள்ள கோவம் எம்மேலயே இருக்கட்டும். ஒம்மேல திரும்பிட்டுன்னா, நாளைக்கு ஒங் கன்னத்துல அவ கை கனத்துரும்’னாவ.”