‘விளம்பரம்’னு மேலேயே போடுங்க

தமிழ்மொழி என்னிடம் முதன்முதலாகப் பேச வந்ததே சண்டை போடத்தான். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

“நீங்கதான நிருபர் மணிமாறன்? எறையூர்ல கரும்பு டிராக்டர் கவுந்தா போடுறீங்க, அரியலூர் ரோட்டுல சிமெண்டு லாரி மோதுனா போடுறீங்க. நான் ஒரு கம்பெனி நடத்துறேன். ஒரு வரி போட மாட்டேங்குறீங்களே, ஏண்ணே?”

நான் உள்ளதைச் சொன்னேன். “விபத்துன்னா செய்தி. கம்பெனின்னா விளம்பரம். பொங்கல் மலர்ல கால் பக்கம் எடும்மா, கூடவே உன் போட்டோ போட்டு ஒரு செய்தியும் வரும்.”

“காசு குடுத்து வர்றதுக்குப் பேரு செய்தியாண்ணே?”

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. பகுதிநேர நிருபன் பிழைப்பு இவளுக்கு என்ன தெரியும்? செய்திக்கு ஆபீஸ் கொடுப்பது பெட்ரோலுக்கே காணாது. விளம்பரம் பிடித்தால் வரும் கமிஷனில்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. மலருக்கு மலர் மேலே இருப்பவர்கள் போன் போட்டு உயிரை வாங்குவார்கள். இதையெல்லாம் அவளிடம் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்க கஷ்டம் புரியுதுண்ணே. ஆனா நான் தர மாட்டேன்” என்றாள். என் டீக்கும் சேர்த்துக் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

திமிர் பிடித்தவள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தத் திமிர் எனக்குப் பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் சின்ன வெங்காயத்தைப் பிடுங்கியதும் விதைக்கென்று ஒரு பங்கை எடுத்துப் பட்டறை போடுவார்கள். வயலோரம் கல் அடுக்கி, மேலே குச்சி பரப்பி, வெங்காயத்தைக் குவித்து, காற்றுப் போக இடம் விட்டுத் தென்னங்கீற்றால் மூடி வைப்பது. உள்ளே ஈரம் புகுந்து சூடு ஏறினால் மளமளவென்று அழுகிவிடும். தமிழ்மொழியின் அப்பா பூமாலை, சிறுவாச்சூர், செட்டிகுளம் பக்கம் அடுத்தவர் வயல்களில் கூலிக்குப் பட்டறை போட்டவர். வேலை முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று கூலி வாங்கிய தலைமுறை அது. மகள் எலெக்ட்ரானிக்ஸ் படித்தாள். சென்னைப் பக்கம் போன் கம்பெனியில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, சிறுவாச்சூர் ரோட்டோரம் ஒரு தகர ஷெட் பிடித்தாள். அங்கே நாலைந்து பெண்களை வைத்து அவள் செய்வது ஒரு சின்னக் கருவி. அதைப் பட்டறைக்குள் செருகி வைத்தால், சூடும் ஈரமும் ஏறும்போது விவசாயியின் போனுக்கு அழைப்பு வரும். அதற்கு அவள் வைத்த பெயர் ‘கூப்பாடு’.

“பூமாலை மவளுக்குக் கம்பெனி ஒரு கேடா” என்று சொன்னவர்கள் உண்டு. என் காதாலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் கருவி சரியாகக் கூப்பிட்டது. ஒருவர் வாங்கிப் பார்த்து இன்னொருவருக்குச் சொல்ல, ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

கம்பெனியைப் பெரிதாக்கப் பணம் போட சென்னையில் ஓர் ஆள் தயாராக இருந்தார். “பொருள் நல்லாருக்கு. ஆனா உங்கள யாருக்கும் தெரியலையே. நாலு பத்திரிகையில வரட்டும், பேசுவோம்” என்றார். அவரே ஒரு ஏஜென்சியின் நம்பரையும் கொடுத்தார். பேக்கேஜ் என்று அவர்கள் சொன்னதில் இதழில் முழுப்பக்கக் கட்டுரை, பேட்டி, கடைசியில் விருதுகூட இருந்தது. “என்னைப் பாராட்ட நானே காசு குடுக்கணுமா?” என்று தமிழ்மொழி போனை வைத்துவிட்டாள்.

அவள் தம்பி விக்கி விடவில்லை. சொந்தமாக மினி லாரி ஓட்டுகிறவன். அக்காவுக்குத் தெரியாமல், டயர் மாற்ற வைத்திருந்த பணத்தை ஏஜென்சிக்கு அனுப்பினான். இதழ் வந்தது. முழுப்பக்கம், அக்காவின் சிரித்த முகம், மேலே கொட்டை எழுத்தில் ‘இனி வெங்காயம் அழுகாது!’ பட்டறையை ஆயுசில் பார்த்திராத எவனோ ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதியது. எங்கள் ஊரில் யார் பெயராவது அச்சில் வந்தால் அதை பிளெக்ஸ் அடித்துக் கட்டாமல் விட மாட்டார்கள். பத்தாம் வகுப்பு மார்க்குக்கே பேனர் வைக்கிற ஊர். விக்கியும் அந்தப் பக்கத்தை ஆள் உயரத்துக்கும் மேலே பெரிதாக்கி, சிறுவாச்சூர் கோயில் திறக்கும் திங்கள் வெள்ளிகளில் கூட்டம் வந்து இறங்கும் இடத்தில் கட்டிவிட்டான்.

தமிழ்மொழி அவனைப் பிடித்து உலுக்கிவிட்டாள். “அழுகாதுன்னு எவன்டா சொன்னான்? கூப்புடும்னுதான சொன்னேன்? அவுத்துப் போடு.”

“அப்பா கையக் கட்டிக்கிட்டு நின்ன ரோடுக்கா இது. இங்க உன் படம் நிக்கட்டும். நாலு பேரு அண்ணாந்து பாக்கட்டும்” என்றான் விக்கி.

அதைக் கேட்டபின் மறுபடி அவிழ்க்கச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பேனர் அங்கேயே நின்றது. சென்னைக்காரரும் கூப்பிட்டு, பார்த்தேன், பிரமாதம், அடுத்த வாரம் கையெழுத்து என்றார்.

அதற்குள் கோடை மழை பிடித்துக்கொண்டது. செட்டிகுளத்தில் கொளஞ்சியப்பன் என்ற விவசாயியின் பட்டறைக்குள் தண்ணீர் இறங்கியது. கூப்பாடு இரண்டு மூன்று நாளாக அவர் போனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் கட் பண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். அழுகாது என்று பேனரிலேயே போட்டிருக்கிறதே, மிசினே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார். கருவி இல்லாதிருந்தால் மழை விட்டதும் தானே போய்ப் பிரித்துக் காயவைத்திருப்பார். அவர் மனைவி பச்சையம்மாள் நாற்றம் உணர்ந்து போய்க் கீற்றை விலக்கியபோது பாதிக்கு மேல் கூழாகிவிட்டது. அத்தனையும் வைகாசி நடவுக்கு வைத்திருந்த விதை.

கொளஞ்சியப்பன் ஷெட் வாசலில் நின்று கத்திய கத்தல் ரோடு முழுக்கக் கேட்டது. தமிழ்மொழி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அவரோடு வயலுக்குப் போனாள், பார்த்தாள். அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். கையெல்லாம் அழுகல் வாடை.

“விளம்பரம் கேட்டீங்கள்லண்ணே. கால் பக்கம் தரேன். எழுதிக்குங்க.”

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘நான் சிறுவாச்சூர் பூமாலை மகள் தமிழ்மொழி. என்னைப் பற்றி இதழில் வந்ததும் பேனரில் இருந்ததும் காசு கொடுத்துப் போட்டவை. வெங்காயம் அழுகாது என்பது பொய். கூப்பாடு அழுகலைத் தடுக்காது. சூடு ஏறினால் உங்களைக் கூப்பிடும், அவ்வளவுதான். போன் வந்தால் உடனே போய்ப் பட்டறையைப் பிரித்துக் காற்றாட விடுங்கள். அந்தப் பொய்யை நம்பி நஷ்டப்பட்டவர்கள் என்னிடம் வாருங்கள்.’

எனக்குப் பேனா ஓடவில்லை. “ஏம்மா, அடுத்த வாரம் கையெழுத்து. அதுவரைக்கும் பொறுத்துக்க. பணம் வந்ததும் பேனர கமுக்கமா அவுத்துரு.”

“அதுக்குள்ள இன்னொருத்தர் போன கட் பண்ணுவாருண்ணே. எல்லாம் விதை வெங்காயம்.”

“அப்ப காசு வேணாம். நானே செய்தியாப் போடுறேன்.”

“செய்தின்னா நீங்க சுருக்குவீங்க, ஆபீஸ்ல திருத்துவாங்க. என் காச வாங்கிக்கிட்டு நான் சொன்னத அப்படியே போடுங்க. விளம்பரம்னு மேலேயே போடுங்க, நல்லாப் பெருசா.”

ஆபீஸில் விளம்பரப் பிரிவு ஆள் சிரித்தார். “தன்னையே திட்டி எவன்யா விளம்பரம் குடுப்பான்? பின்னாடி வம்பு வரும். உண்மைதானான்னு கேட்டியா?” எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. “இத்தன வருஷம் வந்த விளம்பரத்துல எதையாச்சும் உண்மையான்னு கேட்டீங்களா சார்? இத மட்டும் ஏன் கேக்குறீங்க?” என்றேன். அவர் இடம் ஒதுக்கினார்.

விளம்பரம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கே, கோயில் கூட்டம் வேடிக்கை பார்க்க, தமிழ்மொழி ஏணி போட்டு ஏறித் தன் படத்தைத் தானே அவிழ்த்தாள். விக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். ஏணி ஆடியதும் ஓடிவந்து பிடித்தவனும் அவன்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

சென்னைக்காரர் கூப்பிட்டார். “என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க? உடனே ஒரு மறுப்பு போடுங்க.”

“அதுதாங்க மறுப்பு. இன்னொண்ணு எதுக்கு?” என்றாள். கையெழுத்து நடக்கவில்லை. நாலு பேர் கருவியைத் திருப்பித் தந்தார்கள். அவள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாள். கொளஞ்சியப்பனுக்கு விதை வெங்காய மூட்டைகளை விக்கியின் வண்டியில் அனுப்பினாள். அவர் எண்ணிப் பார்த்து இறக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. எங்கள் ஆபீஸ் முதல் டிவிக்காரர்கள் வரை எல்லோரும் என்னைத் துளைத்தார்கள். காசு கொடுத்துத் தன்னையே மாட்டிவிட்டுக்கொண்ட பெண்ணின் பேட்டி வேண்டும், சும்மாவே போடுகிறோம் என்றார்கள். “போன்ல பேட்டி கிடையாது. வந்து, பட்டறையப் பாத்துட்டு, என்கிட்ட வாங்குனவங்ககிட்ட கேட்டு எழுதட்டும்” என்றாள். இவளுக்கு எவ்வளவு ஏத்தம் என்று போனிலேயே பலர் சலித்துக்கொண்டார்கள். முதல் ஆளாக நான் போனேன்.

நான் ஷெட்டில் இருந்தபோது கொளஞ்சியப்பன் வந்தார். கையில் ஒரு சாக்குப்பை. வேலை செய்த பெண்கள் அப்படியே நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் கருவியை எடுத்து மேசையில் வைத்தார்.

“குடுங்கய்யா. பணத்தத் திருப்பித் தந்துடுறேன்” என்று எழுந்தாள் தமிழ்மொழி.

“பணத்த யாரு கேட்டா? மழைத்தண்ணி பூந்துடுச்சு. சரி பண்ணிக் குடு, அடுத்த பட்டறைக்கு வேணும்.”

அவள் கருவியைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நான் கேமராவை எடுத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“பேப்பர்காரரா? இதுக்கு எவ்வளவு வாங்குவீங்க?”

“ஒண்ணும் இல்லீங்கய்யா. இது செய்தி.”

“அப்ப எழுதிக்குங்க. அழுகுனது என் வெங்காயம். போன கட் பண்ணது நான். பொய்யப் பொய்யின்னு ஊரறியச் சொன்னது இந்தப் புள்ள ஒருத்திதான்.”

அப்படியே எழுதினேன்.