ஐந்தாம் சுற்று

2024 ஒக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி முப்பத்தைந்து நிமிடம். ஆபிரிக்காப் பக்கத்திலிருந்து வரும் சிரோக்கோ என்ற சூட்டுக் காற்று மூன்றாவது நாளாக வீசிக்கொண்டிருந்தது. மருந்துக் கடைப் பலகையில் இருபத்தொன்பது பாகை என்று காட்டியது. பலெர்மோ நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் இருக்கும் தேவாலயப் பங்கு மண்டபத்துக்குள் நான் டோல்கி என்ற மத்தளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நுழைந்தபோது உள்ளே பதினேழு பேர் இருந்தார்கள். ஐந்து மணியாகும்போது முப்பத்துநான்கு பேர். மின்விசிறிகள் நான்கு, சுற்றியவை இரண்டு.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அந்த மண்டபத்தில் இங்கிலாந்துக் கிராமிய நடனம் நடக்கும். பலெர்மோவில் அது எதற்கு என்று கேட்டால், நாங்கள் சின்யோரா என்று அழைக்கும் அம்மாவுக்காக என்பதே பதில். அவர் ஆங்கிலேயர், கைம்பெண், அப்போது வயது எழுபத்தொன்பது. ஒரேத்தோ வீதியில் மூன்றாம் மாடியில் குடியிருந்தார்; படிகள் எழுபத்தொன்று, மின்தூக்கி இல்லை. மன்னாரில் பதினொரு ஆண்டுகள் கணிதம் படிப்பித்த நான் அந்த வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் தரை துடைத்தேன். அவரிடம் அறுகோண வடிவில் கையடக்கமான ஒரு துருத்திப் பெட்டி உண்டு. இரண்டு பக்கமும் பொத்தான்கள், மொத்தம் முப்பது. அதை அமுக்கியும் இழுத்தும் அவர் தன் ஊர் மெட்டுகளை வாசிப்பார். சிசிலிக்காரரான ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வயலின் வாசிப்பார். குழு அவ்வளவுதான்.

நான் அதில் சேர்ந்த கதை சிறியது. ஒருநாள் இருவரும் வரவேற்பறையில் பயிற்சி செய்தார்கள். நான் துடைப்பத்துடன் வந்து, "ஐந்து சோடிக்கு எண்டு சொன்னியள். ஆறு தரம் வாசிச்சிட்டியள்," என்றேன். (அவர்களோடு பேசுவது இத்தாலிய மொழியில். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.) சின்யோரா துருத்தியை மூடினார்.

"எண்ணிக்கொண்டா இருந்தனீங்கள்?"

"நான் எண்ணாமல் இருக்கேலாது."

அன்றிலிருந்து குழுவின் எண்ணும் ஆள் நான். அது ஒப்புக்குக் கொடுத்த வேலை அல்ல. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, எதிரெதிராக ஐந்து சோடி. ஒரு சுற்றுக்கு அறுபத்துநான்கு தட்டு. முதல் பதினாறில் இரு வரிசைகளும் நெருங்கி வந்து விலகும், இரண்டு தடவை. அடுத்த பதினாறில் தலைச்சோடி கைகோத்து நடுவால் எட்டு அடி துள்ளி இறங்கி எட்டு அடி துள்ளித் திரும்பும். மூன்றாவது பதினாறில் அந்தச் சோடி பிரிந்து, ஆளுக்கொரு புறமாக வரிசைக்கு வெளியே நடந்து கடைசிக்குப் போகும். மற்றவர்கள் பின்னால் போவார்கள். நான்காவது பதினாறில் அவர்கள் கைகளை உயர்த்தி வளைவு பிடிக்க, மற்ற நான்கு சோடியும் அதற்குள் நுழைந்து மேலே வருவார்கள். இப்போது இரண்டாவது சோடி தலைச்சோடி. ஆகவே ஐந்து சோடி என்றால் ஐந்து சுற்று. அதற்குக் குறைத்தால் யாரோ ஒருவருக்குத் தலையில் நிற்கும் முறை கிடைக்காது. "பாட்டுப் பிழைச்சால் மன்னிக்கலாம், முறையைத் தவறவிட்டால் மன்னிக்கேலாது," என்பார் சின்யோரா. ஆடுகிறவர்கள் எண்ணமாட்டார்கள், வாசிக்கிறவர்களுக்கு எண்ண நேரமில்லை. நான் ஒரு முக்காலியில் ஐந்து சட்டைப் பொத்தான்களை வைத்து, சுற்றுக்கு ஒன்றாக இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் தள்ளுவேன். ஒன்பது ஆண்டுகள் ஒரு பிழையும் விடவில்லை.

அந்தக் கோடையில் எனக்கு வேறு ஓர் ஆசை வந்தது. தமிழ்ப் பூசையில் பாடற்குழுவுக்கு டோல்கி அடிப்பவனும் நான்தான். மெட்டுக்குக் கீழே தோல் சத்தம் ஒன்று இருந்தால் நம்மவர்கள் இன்னும் வருவார்கள் என்று சொன்னேன். தபால்காரருக்கு அது பிடிக்கவில்லை. என்னை எப்போதும் 'வாத்தியார்' என்ற பொருளில் ப்ரொஃபெசோரே என்பவர், வயலினைத் தாடையிலிருந்து எடுத்தார்.

"இது இங்கிலாந்துப் பாட்டு, ப்ரொஃபெசோரே. உதுக்குள்ளை மத்தளம் என்னத்துக்கு?"

"நீர் எப்ப இங்கிலாந்துக்காரன் ஆனீர்?"

"நான் பத்து வருசமாய் வாசிக்கிறன். எனக்குத் தெரியும் இது எப்பிடி இருக்கவேணும் எண்டு."

சின்யோரா சிரித்தார். சிறுபிள்ளையாக இருந்தபோது தன் ஊர்க் குழுவில் ஒருவர் பெரிய அக்கோர்டியன் கொண்டுவந்தாராம். அப்பா அதைக் கேட்டு எழும்பிப் போய்விட்டாராம். பிறகு ஒரு குழு மின்சாரக் கித்தாரும் டிரம்மும் வைத்தது. அப்போது எழும்பிப் போனது இவர். "பிறகு திரும்பிப் போய் ஆடினன். கால் குழம்பேல்லை. கால் குழம்பாட்டில் எனக்கு ஒண்டும் இல்லை," என்றார். ஒரு ஞாயிறு சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அதுதான் ஒக்டோபர் 13.

ஆனால் அந்த ஞாயிறு எனக்கான சோதனை மட்டும் அல்ல. சின்யோராவின் வலது முழங்காலுக்கு அறுவைச் சிகிச்சை அடுத்து வந்த வியாழக்கிழமை. பத்து நாள்கூட இல்லை, நான்கே நாள். மறுபடி ஆட முடியுமா என்று கேட்டதற்கு வைத்தியர் கைகளை விரித்தாராம். கடைசி நடனத்துக்குத் துருத்தியை வைத்துவிட்டுத் தானும் வரிசையில் நிற்கப்போவதாக அவர் சொன்னார்.

"ஐந்தாவது சோடியாய் நிக்கிறன். கீழை நிண்டால் கால் பெரிசாய்த் தேவையில்லை. மேலை வந்தாப்போலை ஒருக்கால், ஒரே ஒருக்கால், நடுவாலை துள்ளிப் போட்டு வந்தால் காணும். பிறகு அவங்கள் வெட்டட்டும்."

முதல் ஆறு நடனங்கள் நன்றாகப் போயின. நம்மவர்கள் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வழக்கமாக ஏழு எட்டுத்தான். டோல்கிச் சத்தத்துக்குக் கால்கள் குழம்பவில்லை. நடனத்தை அறிவிப்பது என் மகள். பகலில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறவள், குரல் பெரியது. "இப்ப ஆம்பிளையள் வெளியாலை! மாமா, அது வெளியாலை இல்லை, கதவு!" என்று தமிழிலும், அதையே பலெர்மோக்காரர் மாதிரி இத்தாலிய மொழியிலும் கத்துவாள்.

கடைசி நடனத்துக்கு மூன்று இரட்டை வரிசை, ஒவ்வொன்றிலும் ஐந்து சோடி, முப்பது பேர். மிச்சம் வயலின், நான், மகள், ரோல்ஸ் பலகாரத் தட்டுகளுக்குக் காவல் நின்ற ஒரு பெண்மணி. நடு வரிசையின் அடியில் சின்யோரா. அவருக்குச் சோடி கோயிற்பணியாளர். ஆறு மணிப் பூசைக்கு மணி அடிப்பவர், ஆனால் நன்றாக ஆடுவார்.

வழக்கமாகச் சின்யோரா துருத்தியில் ஒரு சுரத்தை நீட்டுவார், உடனே ஆட்டம் தொடங்கும். அன்று அவர் வரிசையில் நின்றதால் தபால்காரர், "முதல் ஒருக்கால் முழுசாய் வாசிச்சுக் காட்டுவம். உம்மடை உரலுக்கு இவையின்ரை காது பழகட்டும்," என்றார். வாசித்தோம். முழு மெட்டு, அறுபத்துநான்கு தட்டு. ஒருவரும் ஆடவில்லை, கேட்டுக்கொண்டு நின்றார்கள். அது முடிந்ததும் என் கை ஒரு பொத்தானை வலப்பக்கம் தள்ளியது.

இப்போது யோசித்தால் காரணம் தெரிகிறது. எங்கள் பூசையில் சனம் பாட முன்னர் வாத்தியங்கள் பல்லவியை ஒரு தடவை வாசிக்கும். அதையும் சேர்த்துத்தான் நான் எண்ணுவேன். நாற்பது ஆண்டுப் பழக்கம். துருத்திக்கு எண்ணிய ஒன்பது ஆண்டுகளில் அப்படி ஒரு முன்வாசிப்பு ஒருநாளும் இருந்ததில்லை. டோல்கி மடிக்கு வந்ததும் கோயிற் கணக்கும் கூடவே வந்துவிட்டது.

ஆட்டம் தொடங்கியது. சுற்றுக்கு முப்பத்துநான்கு வினாடி. நான்காவது சுற்று முடியும் நேரத்தில் இடப்பக்கம் பொத்தான் எதுவும் மிஞ்சவில்லை. தபால்காரர் புருவத்தால் கேட்டார். ஐந்து என்று தலையாட்டினேன். ஒன்பது ஆண்டுகளாக நான் சொன்னதை நம்பியவர், நம்பினார். நானும் கச்சேரியை முடிப்பதுபோல ஒரு தீர்மானம் அடித்தேன். ஒரே சொற்கட்டு, மூன்று முறை. மூன்றாவது விழுந்தால் பாட்டு முடிந்தது என்று எங்கள் சனத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். பதினெட்டுப் பேரும் அந்தத் தட்டிலேயே நின்று கைதட்டினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். எல்லோரும் சோடிக்குத் தலைவணங்கினார்கள், பிறகு ரோல்ஸ் மேசையை நோக்கி நடந்தார்கள்.

நடு வரிசையின் தலையில் சின்யோரா நின்றார். சோடியின் பக்கம் இரண்டு கைகளும் நீட்டியபடி இருந்தன. இரண்டு வினாடி அப்படி நின்றிருப்பார். பிறகு கைகளைக் கீழே விட்டு, கோயிற்பணியாளருக்குத் தலைவணங்கி, சுவரோரம் இருந்த கதிரைக்குப் போய் முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தார்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. தீர்மானம் சுத்தமாக விழுந்தது என்ற எண்ணத்தில் கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் குனிந்தாள்.

"அப்பா, சின்யோரா ஆடேல்லை."

"ஆடினவதானே."

"மேலை வந்தவ. ஆடேல்லை. நாலு தான் போனது."

"ஐந்து பொத்தான் கிடக்கு, எண்ணிப் பார்."

"பொத்தானை விடுங்கோ அப்பா. நடு வரிசையிலை ஆர் ஆர் துள்ளினது எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

சொன்னேன். நான்கு சோடிக்கு மேல் சொல்ல முடியவில்லை. தபால்காரர் வயலினைப் பெட்டிக்குள் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். பெட்டியைத் திரும்பத் திறந்தார்.

"ஆறு மணிக்கு மண்டபம் விடவேணும். ஆக்களைப் பிடியும், ப்ரொஃபெசோரே," என்றார்.

நேரம் ஐந்து நாற்பத்தாறு. ஒரு சுற்றுக்கு முப்பத்துநான்கு வினாடி போதும், ஆனால் பத்துப் பேர் வேண்டும். ரோல்ஸ் கடித்துக்கொண்டிருப்பவரைத் திரும்ப வரிசைக்கு அழைப்பது எவ்வளவு கடினம் என்பது அன்றுதான் தெரிந்தது. ஒருவர், "முடிஞ்சுதெண்டு நீங்கள் தானே மாஸ்டர் அடிச்சியள்?" என்றார். இன்னொருவர் கையிலிருந்த தேநீரை ஆற்றிக் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். கடைசியில் நான்கு சோடி சேர்ந்தது, மகளையும் சேர்த்து எட்டுப் பேர். சின்யோரா ஒன்பது. கோயிற்பணியாளரைத் தேடினால் அவர் மணிக்கூண்டுக்குப் போய்விட்டார்.

"அப்ப நீங்கள் வாங்கோ," என்றார் சின்யோரா, கதிரையில் இருந்தபடியே.

"நான் ஆடுறேல்லை."

"தெரியும். எண்ணத் தெரியுமெல்லோ?"

எழுபத்துமூன்று வயதில் முதல் தடவையாக ஆண்கள் வரிசையின் தலையில் நின்றேன். டோல்கியை எங்கே வைத்தேன் என்று நான் யோசிக்கவில்லை. முக்காலியடியில், தரையில் படுக்க வைத்திருந்தேன்.

வயலின் மட்டும் வாசித்தது. நெருங்கி வந்து விலகினோம், பதினாறு. சின்யோரா கைகளை நீட்டினார், பிடித்தேன். எட்டுத் துள்ளல் கீழே. எனது அடி நீளமாக இருந்தது. "சின்ன அடி, சின்ன அடி," என்றார். திரும்பி எட்டு. வலது காலை அவர் ஊன்றும் ஒவ்வொரு தடவையும் என் விரல்களை இறுக்கினார். நான்கு தடவை கீழே போகும்போது, நான்கு தடவை வரும்போது. முகத்தில் வலி தெரியவில்லை. வாய் திறந்திருந்தது, சிரிப்பா மூச்சா என்று சொல்ல முடியாது.

பிறகு பிரிந்து வெளியால் நடக்கவேண்டும். என் பக்கம் வாத்தியப் பக்கம். நான் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் என் வலது சப்பாத்து டோல்கியின் தோலுக்குள் போய்விட்டது. 'டொப்' என்ற அந்தச் சத்தத்துக்குத் தபால்காரர் ஒரு சுரம் தவறவிட்டார், ஆனால் நிறுத்தவில்லை. மேசையடியில் யாரோ, "ஐயோ, மாஸ்டரை டோல்கி பிடிச்சிட்டுது!" என்று கத்தினார்கள். பின்னால் நான்கு ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள், நிற்க முடியாது. இரண்டு அடி அதை இழுத்துக்கொண்டு நடந்தேன், ஏழாவது அடியில் உதறினேன், பதினாறில் அடிக்குப் போய்ச் சேர்ந்து சின்யோராவின் கைகளைப் பிடித்து உயர்த்தினேன். நான்கு சோடியும் வளைவுக்குள் நுழைந்து போனார்கள். எண்ணினேன்: எட்டுப் பேர், ஒருவரும் குறையவில்லை.

வயலின் நின்றதும் அவர் எனக்குத் தலைவணங்கினார். நானும் வணங்கினேன். ஐந்து ஐம்பத்துமூன்று. கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

கதிரைக்குத் திரும்பக் கூட்டிப் போகும்போது, டோல்கி இனி வேண்டாம் என்பீர்களா என்று கேட்டேன்.

"டோல்கி இருக்கட்டும். கால் ஒண்டும் குழம்பேல்லை," என்றார். சிறிது நேரம் மூச்சு வாங்கினார். "எண்ணுற வேலையை மட்டும் மகளிட்டைக் குடுங்கோ."

தபால்காரர் முக்காலியிலிருந்த ஐந்து பொத்தான்களையும் அள்ளி மகளின் கையில் வைத்தார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். நான் அவளிடம், முன்வாசிப்பை எண்ணக்கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். "அது எனக்குத் தெரியும் அப்பா," என்றாள், மூன்று தடவையும்.

அறுவைச் சிகிச்சை சொன்ன நாளில் நடந்தது. அதன் பிறகு எழுபத்தொரு படிகளையும் அவர் முதன்முதலாக ஏறி முடிக்க ஒன்பது வாரம் எடுத்தது. பின்னால் நின்று நான்தான் எண்ணினேன். அதற்கு ஒருவரும் தடை சொல்லவில்லை. இப்போது கதிரையிலிருந்து துருத்தி வாசிக்கிறார். வரிசையில் நிற்பதில்லை.

டோல்கி என்னுடையது அல்ல, பாடற்குழுவினுடையது. குழுத் தலைவர் கிழிசலுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இதைக் கையாலைதான் அடிக்கிறது," என்றார். பல்லரோச் சந்தைக்குப் பின்னால் தம்புரீன் என்ற கைப்பறைக்குத் தோல் கட்டும் ஒருவர் இருக்கிறார். அவர் இப்படி ஒரு வாத்தியத்தை முன்னர் கண்டதில்லை, ஆனால் கட்டித் தந்தார். தோல் நாற்பது யூரோ, கயிறு எட்டு, என் சப்பாத்தின் நுனி ஒட்டியது நான்கு யூரோ நாற்பது சதம். மொத்தம் ஐம்பத்திரண்டு யூரோ நாற்பது சதம்.