சேது கொண்டுவராத ஃபாரம்

இன்று மாதுங்கா மார்க்கெட்டில் சேதுவைப் பார்த்தேன். கல்லூரியில் என்னோடு படித்தவன்.

"பேத்திக்கு அமெரிக்காவுல சீட் கெடைச்சுடுத்து. நீ அங்க ப்ரொஃபசரா இருந்தவளாச்சே, ஸ்காலர்ஷிப்புக்கு வழி சொல்லேன்" என்றான்.

கல்லூரி முடித்த அந்த அறுபதுகளில் எங்கள் இருவருக்கும் இதே கவலைதான். ரயில் செலவை மிச்சம் பிடிக்க, அவன் மட்டும் ஃபோர்ட் பகுதியில் இருந்த ஆபீசுக்குப் போய் இருவருக்கும் உதவித்தொகை ஃபாரம் வாங்கிவருவதாக ஏற்பாடு.

"ஒண்ணுதான் இருந்தது, தீர்ந்துபோச்சு" என்றான். நம்பினேன். அவன் கப்பலேறிய பிறகுதான் அவன் தங்கை என் ஃபாரத்தை அவன் மேஜையிலிருந்து எடுத்துவந்து கொடுத்தாள். கடைசித் தேதி முடிந்திருந்தது. நான் அமெரிக்கா போகப் பின்னும் சில வருஷம் ஆயிற்று.

"பேத்தியை அனுப்பு" என்றேன்.

சாயங்காலம் வந்தாள். யாருக்கு எழுதுவது, எப்படிக் கேட்பது, எல்லாம் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. தாத்தா மறைத்த ஃபாரத்தையும் எடுத்துக் காட்டினேன்.

அதை வாங்கிக்கொண்டு நேரே தாத்தா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அதிலிருந்து சேதுவின் போன் ஸ்விட்ச் ஆஃப். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது அவன் லைன் கிடைத்தால், நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.