சொட்டுக்கூடக் குடிக்காத குடிகாரன்

எங்கள் ஊரில் பட்டப்பகலில் ஒருவன் ரோட்டோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். காரைக்காலில் சரக்கு விலை குறைவு. எல்லைக்கு அந்தப்பக்கத்திலிருந்து பைக்கில் இரண்டு பேர், மூன்று பேராக வருகிறார்கள், குடிக்கிறார்கள், வரிச்சிக்குடி சாலையில் கிடைத்த மரத்தடியில் விழுகிறார்கள். அதனால் இங்கே உட்கார்ந்திருக்கிறவனைத் தொட்டு, "என்னங்க செய்யுது?" என்று யாரும் கேட்பதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவார்கள். நாற்றம் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொத்தலாமே என்றுகூட ஒருவருக்கும் தோன்றாது.

எனக்கு இருப்பது முடக்குவாதம். வயதானால் வரும் மூட்டுவலி இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த உடம்பையே போட்டு அடிக்கும் வியாதி. வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிறு இரவில், ஒரு மாத்திரை போட வேண்டும். புதுச்சேரியில் அதை எழுதிக்கொடுத்த டாக்டர் முதலில் கேட்டதே, "குடிப்பீங்களா?" என்றுதான். இல்லை என்றேன். "சொட்டுக்கூடக் கூடாது, ஈரல் போயிடும்" என்றார். ஆக, ஊரிலேயே குடித்தால் செத்துப்போவான் என்று டாக்டர் வாயால் சொல்லப்பட்ட ஆள் நான். ஊர் எனக்கு வைத்த பெயர் குடிகாரன்.

வலியைக் குறை சொல்ல மாட்டேன். வலிக்கு ஒரு மரியாதை உண்டு. விரல் வீங்கியிருந்தால் நாலு பேர் உச்சுக் கொட்டுவார்கள். கூடவே வரும் அசதிக்குத்தான் நாதியில்லை. அசதி என்ற சொல்லே எனக்கு ஆகாது. திருவிழாக் கூட்டத்தில் சுற்றிவிட்டு வந்தவனுக்கும் அசதி, எனக்கும் அசதியாம். எனக்கு வருவது கரண்ட் போவது மாதிரி. மாவு பாதி அரைபடுகிறதே என்று அது பார்ப்பதில்லை. பேச்சு பாதியில் இருக்கும்போதே நாக்கு கனக்கும். கை என்னுடையதுதான், ஆனால் தூக்கச் சொன்னால் தூக்காது. தூங்கி எழுந்தாலும் போகாது.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். அங்கே இதைச் சொன்னபோது பக்கத்து மேசைக்காரர் பெருமூச்சு விட்டார். "எனக்கும்தான் சார் அசதி. நேத்து பூரா ஒட்டடை அடிச்சேன்." இன்னொருவர் முடவாட்டுக்கால் கிழங்கில் சூப் வைத்துக் குடிக்கச் சொன்னார். ஒரு வாரம் குடித்தேன். அது நன்றாக இருந்தது, நான் அப்படியேதான் இருந்தேன். "எல்லாம் மனசுதான் சார்" என்று ஒரு மேதை சொன்னார். மூக்கு ஒழுகினால் இரண்டு நாள் லீவு போடுகிறவர் அவர். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

வீட்டிலும் பகலில் படுப்பதற்குச் சட்டதிட்டம் உண்டு. வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் படுக்க வேண்டும். "தெருவுல போறவங்க பாக்குறாங்க" என்பாள் மனைவி. பார்த்தால் என்ன என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தெம்பு வேண்டுமே.

மாத்திரை போட்ட மறுநாள் திங்கட்கிழமை. அன்று அசதி இரட்டிப்பாக வரும். அப்படி ஒரு திங்களன்று, அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற வழியில், ஸ்கூட்டரைப் பிடித்திருந்த கை பிடியை விட்டது. வாய்க்கால் மதகு பக்கத்தில் வண்டியை நிறுத்தி, மதகுக் கட்டையிலேயே சாய்ந்துவிட்டேன். வெயில் மண்டையில் இறங்கியது. நகர முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லை தாண்டி வந்த ஒரு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் மேல் அடித்த வாடையில் எனக்கே கிறுகிறுத்தது.

"எந்தக் கடைண்ணே?"

பதில் சொல்ல வாய் எழும்பவில்லை.

"நல்ல சரக்கு போல. பேச்சே வரல" என்றான், பொறாமையோடு. போகிற பஸ், வருகிற பஸ் எல்லாம் எங்கள் இருவரையும் ஜோடியாகப் பார்த்துவிட்டுப் போயின.

அப்போது என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பி.எட். முடித்துத் தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறாள். மாப்பிள்ளை திருவாரூர்ப் பக்கம். ஜாதகம் பொருந்திவிட்டது, பெண்ணின் படமும் பிடித்துப்போயிற்று, விசாரிக்கவும் ஆள் வந்து போயிருந்தது. விசாரணை என்றால் டீக்கடையில்தான் நடக்கும். ஒரு வாரம் கழித்துத் தரகர் வந்தார். மனைவியும் நானும் இருந்தோம். திருமலைராயன்பட்டினத்தில் கடை வைத்திருக்கும் என் மச்சினனும் வந்திருந்தான்.

"பொண்ணப் பத்தி ஒரு குறையும் இல்லைங்க" என்றார் தரகர். "சாரைப் பத்தித்தான் கொஞ்சம்... பகல்லயே எடுத்துக்குறாருன்னு காதுல விழுந்துச்சாம்."

போயிற்று, என்னால் மகளின் கல்யாணம் போயிற்று என்று நினைத்தேன். தரகர் சிரித்தார். "அட, மூஞ்சி ஏன் சார் அப்படிப் போவுது? அவங்க அத ஒண்ணும் பெருசா எடுத்துக்கல. காரைக்கால்ல இருந்துக்கிட்டு குடிக்கலன்னாத்தான் சந்தேகப்படணும்."

"குடி இல்லைங்க, எனக்கு..." என்று ஆரம்பித்தேன். மச்சினன் என் தொடையை அழுத்தினான்.

தரகர் தெருமுனை தாண்டியதும் அவன் சொன்னான். "அத்தான், வாயத் தொறக்காதீங்க. குடின்னா மன்னிச்சுடுவாங்க. வியாதின்னா மொதக் கேள்வியே பரம்பரையா வருமான்னுதான். டாக்டரு என்ன சொன்னாரு?"

"வரலாம், வராமலும் போகலாம்னாரு."

"அந்த ‘வரலாம்’ போதும், எல்லாத்தையும் கவுத்துடும். குடின்னே இருக்கட்டும்."

மனைவியைப் பார்த்தேன். அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கும் அதுதான் சம்மதம் என்று புரிந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் மகளுக்காக என்று சொல்லிக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

குடிகாரனான பிறகு என் மதிப்பு கூடியதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். அலுவலகத்தில் நான் மேசையில் தலை சாய்த்தால் முன்பெல்லாம் முணுமுணுப்பார்கள். இப்போது, ஊர்ப்பேச்சை நான் மறுக்கவில்லை என்றதும், கண்ணடித்தார்கள். ஒருவர் மோர் வாங்கிவந்து வைத்தார். எலுமிச்சம்பழம் நல்லது என்று இன்னொருவர் சொன்னார். சூப்பும் இல்லை, உபதேசமும் இல்லை. நோயாளியாக இருந்தபோது சோம்பேறி என்றவர்கள், குடிகாரன் என்றதும் பங்காளியாக்கிக்கொண்டார்கள்.

பெண் பார்க்க அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காப்பி எல்லாம் முறைப்படி நடந்தது. மகள் வந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தாள். பையன் நல்ல பையனாகத்தான் தெரிந்தான். பேச்சு நடுவில் பையனின் அப்பா என் தோளில் கைபோட்டுக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார்.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. நானும் ஒரு காலத்துல உங்கள விட மோசம். பகல்ல மட்டும் வேணாம். சாயங்காலத்துக்கு மேல ஒரு அளவா வச்சுக்குங்க. உடம்பு முக்கியம் இல்லீங்களா?"

இத்தனை வருடத்தில் என் வியாதியிடம் ஒரு மனிதர் இவ்வளவு கனிவாகப் பேசியதில்லை. குடிக்குக் கிடைத்தது. தலையாட்டினேன். அங்கேயே என் உடம்பில் கரண்ட் போக ஆரம்பித்தது. கொல்லை வாசற்படியில் என் கால் தடுமாறியதும் அவரே கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கூடத்துக் கட்டிலில் விட்டார். "பாவம், படுக்கட்டும்" என்று பையனின் அம்மா ஃபேனைக் கூட்டி வைத்தார். எல்லோரும் ஒரு மாதிரி புன்னகைத்தார்கள். மகள் மட்டும் புன்னகைக்கவில்லை. அவளிடம் இந்த ஏற்பாட்டை யாரும் சொல்லியிருக்கவில்லை.

நிச்சயத்துக்கு நாள் பார்த்துச் சொல்வதாகக் கிளம்பிப் போனார்கள். மச்சினனுக்குத் தலைகால் புரியவில்லை. மகள் அம்மாவிடம் கேட்டு எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, சாயங்காலம் என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"உங்களுக்குக் குடின்னு சொல்லிப் படுத்துக்க முடியுதுப்பா. நாளைக்கு எனக்கு இது வந்தா, அந்த வீட்டுல நான் என்னன்னு சொல்லிப் படுக்கறது?"

நானும் மச்சினனும் மனைவியும் சேர்ந்து செய்த ஏற்பாட்டில் இந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. அந்த வீட்டு அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பது என் கண்ணில் தெரிந்தது. கண்ணடித்து மோர் கொடுக்க அவளுக்கு அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். நாலு வாயும் சோம்பேறி என்றுதான் சொல்லும். என் மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அன்று இரவு மாத்திரையைப் போட்டேன். மறுநாள் காலையில், அசதி முழுசாக இறங்குவதற்கு முன், பையனின் அப்பாவுக்கு நானே போன் செய்தேன். வியாதியின் பெயர், மாத்திரை, டாக்டர் சொன்ன ‘வரலாம், வராமலும் போகலாம்’ எல்லாவற்றையும் சொன்னேன். நான் குடித்ததே இல்லை என்பதைக் கடைசியில் சொன்னேன்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?" என்றார். "குடின்னா எப்படியாவது திருத்திடலாம்னு நெனச்சோம். இத என்னங்க பண்றது?" குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. ஒரு நல்ல குடிகாரனை இழந்த வருத்தம். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்தார். அது என்ன கலந்துபேச்சு என்று இருவருக்கும் தெரியும்.

மனைவி அடுப்படியில் மூக்கைச் சிந்தினாள். மச்சினனுக்கு விஷயம் போய், அவன் என் நம்பரைத் தவிர வீட்டில் எல்லோர் நம்பருக்கும் கூப்பிட்டுத் திட்டினான். மகள் பள்ளிக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா சொன்னாங்க?"

"குடியா இருந்தா திருத்தியிருப்பாங்களாம்."

அவள் சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அதற்குள் கை கனக்கத் தொடங்கிவிட்டது. அவள் வழக்கம்போல வாசல் கதவைச் சாத்தப் போனாள்.

"அது தெறந்தே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, தெருவைப் பார்க்கக் கூடத்தில் படுத்தேன்.