தராசில் ஏறிய கறிமீன்

கறிமீனைத் தராசில் வைப்பது எங்கள் ஆட்களுக்குக் கேவலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தெரியாதவர்களுக்கு என் கோபம் புரியாது.

படகு கரைக்கு வந்ததும், ஏலம் விடுவதற்கு முன்னால், கடலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் வீட்டுக் குழம்புக்கென்று ஒரு பங்கு மீனை அள்ளிக் கொடுப்பார்கள். அதுதான் கறிமீன். அதை எண்ணவும் மாட்டார்கள், நிறுக்கவும் மாட்டார்கள். கை அள்ளும், கூடையில் விழும், அவ்வளவுதான். வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால் கை கொஞ்சம் தாராளமாக அள்ளும். சோற்றுக்குப் போகிற மீனை நிறுத்துக் கொடுக்கிறவன் எவனாவது இருந்தால், கரையில் அவனைப் பார்த்துத் துப்புவார்கள்.

என் புருஷன் கடலுக்குப் போன காலமெல்லாம் என் வீட்டில் கொதித்தது அந்த மீன்தான். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, கல்மண்டபம் பக்கத்தில் இருக்கிற இறால் கம்பெனிக்கு உரிக்கப் போனேன். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி என் விரல் நுனியில் தோலே நிற்காது. ஆனால் நான் உரித்த இறாலில் குடல் இருந்தது என்று எவனும் சொன்னதில்லை. இப்போது அங்கே உரிக்கிற ஷெட்டுக்கு நான்தான் மேஸ்திரி. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. இதையும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

கம்பெனியை ஆரம்பித்த பெரியவர் படகு வைத்திருந்தவர். அதனால் ஷெட்டிலும் கறிமீன் உண்டு. இறாலாக இருந்தாலும் பேர் கறிமீன்தான். சாயந்திரம் ஒவ்வொருத்தியும் தான் உரித்ததைத் தன் பெட்டியில் போட்டுத் தராசில் வைப்பாள், கார்டைக் காட்டுவாள். அவள் நம்பர் பெட்டியில் ஒட்டப்படும். எல்லாரும் நிறுத்து முடித்த பிறகு, வாசலோரம் உட்காருகிறவளின் பெட்டியிலிருந்து உடைந்த இறாலாகப் பார்த்து நான் அள்ளி எல்லாருக்கும் பங்கு வைப்பேன். வாசலோரப் பெட்டி எதற்கென்றால், எல்லாரும் வீட்டுக்குப் போகிற வழி அது. குனிந்து வாங்கிக்கொண்டு போய்விடலாம். வேறு காரணம் கிடையாது. வருஷக்கணக்காக அப்படித்தான்.

மீதிப் பெட்டிகள் லாரியில் ஏறித் திருவொற்றியூரில் இருக்கிற கோல்டு ஸ்டோரேஜுக்குப் போகும். அங்கே மறுபடியும் நிறுப்பார்கள். வாசலோரப் பெட்டி குறையும். குறையத்தானே செய்யும்? அதற்குத்தான் லாரி கிளம்பியதும் அங்கே இருக்கிறவனுக்கு நான் போன் போடுவேன்.

"நைனா, கறிமீன் எடுத்தாச்சு."

"சரி ஆயா. இன்னிக்கு எனக்கு இன்னா கீது?"

"உனுக்கு ஓடுதான் கீது, வந்து பொறுக்கிக்கோ."

சிரித்துக்கொண்டே கணக்கை நேர் செய்துவிடுவான். வேலை முடிந்தது.

ஷெட் தராசுக்கு ஒரு கம்ப்யூட்டர், கோல்டு ஸ்டோரேஜுக்கு ஒன்று, மாடியில் ஆபீசுக்கு ஒன்று, கேட்டில் கார்டு பார்க்க ஒன்று. எல்லாம் வேறு வேறு காலத்தில் வாங்கியவை. ஒன்று பேசுவது இன்னொன்றுக்குத் தெரியாது. நடுவில் நின்று இங்கே இருப்பதை அங்கே சொன்னவள் நான். ஐஸ் வரத் தாமதமானால் லாரிக்காரனிடம் சொல்வேன். எவள் பிள்ளைக்காவது காய்ச்சல் என்றால் கேட்டில் சொல்லி வைப்பேன். எவள் புருஷன் குடித்துவிட்டு அடித்ததால் லேட்டாக வந்தாள் என்பதை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டேன். எதைச் சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

பெரியவரின் பிள்ளைகள் கைக்குக் கம்பெனி வந்தது. இந்தக் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒன்றாக இணைக்கப் போகிறோம் என்றார்கள். அதற்காக வெளியூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தவில்லை. கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்து, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"மிடில்வேர்னு ஒண்ணு போடறோம்மா. உங்க தராசையும் அந்த கோல்டு ஸ்டோரேஜையும் நாங்க மாத்தப் போறதில்ல. இது நடுவுல இருந்து இவங்க சொல்றதை அவங்களுக்குப் புரியற மாதிரி கொண்டு போய்ச் சொல்லும்."

பக்கத்தில் இருந்தவள் சும்மா இருப்பாளா?

"யக்கா, உன் வேலைக்குத்தான் ஆள் வந்துகீது. இன்னிலேர்ந்து நீயும் வந்து கத்தி புடி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பெண் கடைசியாக ஒன்று கேட்டாள். "நிறுத்த பிறகு, லாரியில ஏறறதுக்கு முன்னாடி, ஷெட்டிலேர்ந்து சரக்கு ஏதாவது வெளியே போகுமா?"

"ஒண்ணும் போவாதும்மா," என்று ஷெட்டே சொன்னது. நானும்தான் சொன்னேன்.

நாங்கள் பொய் சொல்லவில்லை. கறிமீன் சரக்கு இல்லை. சரக்கு என்பது விலைக்குப் போவது. கறிமீன் அடுப்புக்குப் போவது. எங்களில் ஒருத்திக்குக்கூட அது நினைவுக்கு வரவில்லை. குளித்துவிட்டு வருகிறவளிடம் கடலில் தண்ணீர் குறைந்ததா என்று கேட்டால் என்ன சொல்வாள்?

இணைத்தார்கள். கொஞ்ச நாள் ஒன்றும் தெரியவில்லை. சாயந்திரம் போன் போட்டால், "இனிமே எனுக்குச் சொல்லாத ஆயா, நான் ஒண்ணும் மாத்த முடியாது, எல்லாம் தானா போயிடுது," என்றான் கோல்டு ஸ்டோரேஜ்காரன். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது வாசலோரம் உட்கார்ந்திருந்தவள் புளியந்தோப்பிலிருந்து வருகிற ஒரு பெண். புருஷன் இல்லை. இரண்டு பிள்ளைகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வருவாள். அவள் கொண்டு போகிற கூலிதான் அந்த வீட்டுக்குச் சோறு. அதிகம் பேச மாட்டாள். வாசலோரம் வெயில் அடிக்கும், யாருக்கும் அந்த இடம் பிடிக்காது. புதிதாக வந்தவள் என்று அவளுக்கு அந்த இடம் விழுந்தது.

ஒருநாள் காலையில் நான் உள்ளே தரை கழுவ ஆட்களை ஏவிக்கொண்டிருந்தேன். கேட்டில் மிஷின் கத்தியது. போய்ப் பார்த்தால், அந்தப் பெண் கார்டை வைக்கிறாள், சிவப்பு விளக்கு எரிகிறது. மறுபடி வைக்கிறாள், மறுபடி சிவப்பு. பின்னால் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். காவலுக்கு இருந்தவன் மிஷினைப் பார்த்துப் படித்தான்.

"சரக்கு கொறையுதாம். உள்ள வுடக் கூடாதுன்னு வந்துகீது."

"இன்னா சரக்குண்ணா?" என்றாள் அவள்.

"அத்த நீதான் சொல்லணும். தெனம் தெனம் உன் பொட்டிலதான் கொறையுதாம். திருடி! மாட்டிக்கினா இப்படித்தான் கேப்ப."

அந்தச் சொல்லை அத்தனை பேர் முன்னால் சொன்னான். அவள் ரோட்டோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் கிளப்பிய தூசியெல்லாம் அவள் தலையில்தான்.

"யாரடா திருடின்னு சொன்ன?" என்று நான் போனேன். அவன் என்னைவிட இரண்டு மடங்கு உயரம். அதைப் பற்றி எனக்கென்ன?

"நான் சொல்லல ஆயா. மிஷினு சொல்லுது."

"மிஷினுக்கு வாய் கீதா? உன் வாய்லேர்ந்துதான் வந்துச்சு."

"எனுக்கு ஆபீஸ்லேர்ந்து வந்துது. அங்க போய்க் கேளு."

மாடிக்கு ஏறினேன். என் முட்டிக்கு மாடிப்படி ஆகாது, ஏறினேன். ஆபீஸில், "நாங்க அனுப்பல, தராசுலேர்ந்தும் கோல்டு ஸ்டோரேஜ்லேர்ந்தும் கணக்கு வந்து அவ கார்டு தானாப் பூட்டிக்கிச்சு," என்றார்கள். கோல்டு ஸ்டோரேஜுக்குப் போன் போட்டால், "நாங்க நிறுத்ததை நிறுத்தபடி அனுப்பினோம்," என்றார்கள். ஷெட் மேனேஜரைக் கேட்டால், "தராசு சரியாத்தான் இருக்கு," என்கிறார். ஒரு பெண்ணைத் திருடி ஆக்கியிருக்கிறார்கள். ஆக்கியது யார் என்று கேட்டால் ஒருவருமில்லை! பழைய காலத்தில் பழி போடுகிறவன் எதிரே நிற்பான். செருப்பைக் கழற்றினால் அடிக்க ஒரு முகம் இருக்கும். இங்கே நான் எவனை அடிப்பது?

மேனேஜர் அந்தக் கம்ப்யூட்டர் பெண்ணுக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். நான் கறிமீன் சங்கதியை முதலிலிருந்து சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அம்மா, நான் அன்னிக்கே கேட்டேனே, வெளியே ஏதாவது போகுமான்னு."

"கேட்ட. ஒண்ணும் போவாதுன்னு சொன்னோம். அது சரக்கு இல்லம்மா. சோறு."

போனுக்குள் அவள் கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"எனக்குப் புரியுது. ஆனா மிடில்வேருக்கு வர்றதை மட்டும்தான் கொண்டு போகத் தெரியும். வராததை அது குறைவுன்னுதான் எடுத்துக்கும். கறிமீனையும் தராசுல வெச்சு, ஒரு கார்டுல பதிஞ்சா, அதுக்குன்னு தனியா ஒரு பட்டன் போட்டுத் தர்றேன். எல்லாக் கணக்கும் ஒத்துப் போகும். பழைய குறைவையும் அதோட சேர்த்து நேர் பண்ணிடலாம். அந்தப் பொண்ணு உள்ளே வந்துடலாம். இல்லேன்னா எனக்கு வழி இல்லம்மா."

"எடுத்தது ஷெட்டுக்கே போச்சுன்னு இந்த சார் சொன்னா பத்தாதா?" என்று கேட்டுவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினேன். "சொல்லு நைனா. உன் வூட்டுக்கு மட்டும் போவலியா? உன் சம்சாரம் தொக்கு பண்ணி, ருசி எப்படின்னு என்னாண்ட சொல்லி அனுப்பல?"

மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். அந்த ஜன்னலில் என்ன இருந்தது? பக்கத்து ஐஸ் பேக்டரியின் சுவர்தான் இருந்தது. ஒரு வார்த்தை, "ஆமாம், நானும் வாங்கினேன்" என்று ஒரே ஒரு வார்த்தை அந்த மனுஷன் வாயிலிருந்து வரவில்லை. தின்ற வாய்!

கீழே இறங்கினேன். அவள் இன்னும் ரோட்டோரம்தான் உட்கார்ந்திருந்தாள்.

"நான் எடுக்கலக்கா."

"அத்த என்கிட்ட சொல்லாத. அள்ளினது என் கை. வூட்டுக்குப் போ. காத்தால வா."

அன்று சாயந்திரம் எல்லாரும் நிறுத்து முடித்த பிறகு, நான் வழக்கம்போல அள்ளிப் பங்கு வைத்தேன். இந்தத் தடவை என் பங்கு இருந்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தராசுக்குப் போனேன். ஷெட்டே திரும்பிப் பார்த்தது.

"யக்கா, வாணாம்," என்றாள் என்னோடு அந்தக் காலத்திலிருந்து உரிக்கிறவள். "சோத்துக்குப் போறதை நிறுக்கிறியா? உன் புருஷன் பாத்தா இன்னா சொல்வாரு?"

"அவுரு வந்து கேட்டைத் தொறப்பாரா? கம்முனு இரு."

என் கார்டை வைத்தேன். பாத்திரத்தை வைத்தேன். சிவப்பாக நம்பர் ஓடி நின்றது. அந்த நம்பரை எனக்குப் படிக்கத் தெரியும், ஆனால் நான் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மணமாக நிற்பதுபோல் இருந்தது. எனக்குப் பின்னால் ஒருத்தி ஒருத்தியாக வந்து தங்கள் பங்கையும் வைத்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பச்சை விளக்கு எரிந்தது. புளியந்தோப்புப் பெண் உள்ளே வந்தாள். காவல்காரன் பல்லைக் காட்டினான்.

"இன்னாம்மா, எல்லாம் க்ளியராயிட்ச்சு போல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது தராசில் கறிமீனுக்கென்று தனிப் பட்டன் இருக்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்று ஆபீஸ் ஓர் அளவு வைத்திருக்கிறது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கும் அதே அளவு, ஒண்டிக்கட்டைக்கும் அதே அளவு. கொஞ்சம் கூடினால் மிஷின் கத்துகிறது. எல்லாக் கணக்கும் ஒத்துப் போகிறதாம். பெரியவரின் பிள்ளைகளுக்கு ரொம்பச் சந்தோஷம். நான் என் பங்கை வாங்குவதில்லை. நிறுத்துக் கொடுத்ததைக் குழம்பு வைத்தால் என் தொண்டையில் இறங்காது.

கம்ப்யூட்டர்களை இணைத்த அந்தக் கம்பியில் எல்லாம் போகிறது. எடை போகிறது, லாரி கிளம்பியது போகிறது, எவள் எத்தனை மணிக்கு வந்தாள் என்பது போகிறது. "உன்னைத் திருடி என்று சொன்னது தப்பு" என்ற ஒன்று மட்டும் இன்றைக்கு வரைக்கும் எங்கிருந்தும் வரவில்லை. மேனேஜரைக் கேட்டேன். "அதான் உள்ள வந்துட்டாளே ஆயா," என்றார். காவல்காரனைக் கேட்டேன். "பழச ஏன் பேசிகினு," என்றான். விடப்போவதில்லை. கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

சாயந்திரம் கேட்டைத் தாண்டும்போது, யாரும் கேட்காமலே அந்தப் பெண் தன் பையைத் திறந்து காவல்காரனிடம் காட்டுகிறாள். தூக்குச் சட்டி, ஒரு துண்டு, கறிமீன் பொட்டலம், அவ்வளவுதான் உள்ளே. அவன் குனிந்து பார்க்கிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறுகிறது. அதனால் இப்போதெல்லாம் அவளோடு சேர்ந்தே நானும் கேட்டுக்குப் போகிறேன். அவள் கை பையின் வாய்க்குப் போகும்போது அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

"பையை மூடுடி," என்கிறேன், அவனுக்குக் கேட்கும்படி. "மூடிகினு நட."